மிஷின் விற்ற பணமும் வரவுதான்

எங்கள் தெருவில் என்னை ஆடிட்டர் என்று கூப்பிட ஆரம்பித்த வருடம்தான் நான் சி.ஏ. இன்டரில் இரண்டாவது முறையாகத் தோற்றேன். குரோம்பேட்டையில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்த ஆடிட்டர் அலுவலகத்தில் எனக்குப் பயிற்சி வேலை. அவர்கள் கொடுத்த மாதப் பணம் ரயில் பாஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். ஆனால் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி இருந்தவர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. சட்டையை இன் பண்ணிக்கொண்டு, தோளில் பையோடு ரயிலேறுகிறவன் ஆடிட்டர்தான்.

அப்பா கொத்தனார். அம்மா அவருடனேயே சித்தாளாகப் போனவள். இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. அக்கா ஐந்தாவதோடு நின்றுவிட்டாள். அதனால் வீட்டுக்குள் வருகிற எழுத்தெல்லாம் என்னிடம்தான் வரும். கரண்ட் பில், பேங்க் கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவானாலும் நான் படித்துச் சொன்னால் அதுதான் முடிவு. சரிபார்க்க ஆள் இல்லை. பாராட்டு மாதிரித் தெரியும். நாள்பட்டால் முதுகு வலிக்கிற ஒரு சுமை அது.

நான் தோற்ற தாளில் கேஷ் ஃப்ளோ கணக்கு ஒன்று வந்திருந்தது. ஒரு கம்பெனிக்குள் அந்த வருடம் பணம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று காட்டுகிற அறிக்கை அது. மூன்று பகுதி. தொழிலை நடத்தியதில் வந்ததும் போனதும் முதல் பகுதி. மிஷின், நிலம், கட்டடம் போன்றவற்றை வாங்கியதும் விற்றதும் இரண்டாவது; அதற்கு முதலீட்டுச் செயல்பாடுகள் என்று பெயர். கடன் வாங்கியதும் அடைத்ததும் மூன்றாவது. வாய்ப்பாடு மாதிரி இதை உருப்போட்டு வைத்திருந்தேன். மிஷின் வாங்கினால் கழித்தல், விற்றால் கூட்டல். கழித்தலை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும்.

உருப்போட்டதோடு நானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். கூட்டல் என்றால் நல்லது, அடைப்புக்குறி என்றால் கெட்டது. யாரும் சொல்லித்தரவில்லை, வீட்டிலிருந்து கொண்டுபோனேன். எங்கள் வீட்டில் வெளியே போன பணம் எதுவும் எந்த உருவத்திலும் திரும்பி வந்ததில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும், என் ஃபீஸுக்குப் போகும், போனது போனதுதான். பணத்தை வெளியே விட்டு, அதைக் கொண்டு இன்னும் பணம் பண்ணுகிற மனிதர்களை நான் பார்த்ததில்லை. கூடப் படித்தவர்களுக்குக் கடையோ பட்டறையோ வைத்திருந்த அப்பாக்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பகுதி கேட்காமலே புரிந்திருக்கும்.

ரிசல்ட் வந்த அடுத்த மாதம், ஆகஸ்டில், என்னைச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனிக்கு அனுப்பினார்கள். வண்டிகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கிற கம்பெனி. என் அக்கா வீட்டுக்காரர் அங்கேதான் வேலை பார்த்தார். எட்டாவது படித்துவிட்டு ஹெல்பராகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, மிஷினை செட் பண்ணிக் கொடுக்கிற அளவுக்கு வந்திருந்தார். இதை நான் அலுவலகத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போக வர ரயில் காசு தருவார்கள், ரிசல்ட்டை வைத்து அலுவலக டைப்பிஸ்ட் பண்ணும் கிண்டலிலிருந்து ஒரு வாரம் தப்பிக்கலாம் என்பதுதான் அப்போது மனதில் இருந்தது.

முதல் நாள் சொத்துப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் நடந்தேன். பட்டியலில் இருக்கிற மிஷின் தரையில் இருக்கிறதா என்று பார்த்து டிக் போட வேண்டும். ஒவ்வொரு மிஷினிலும் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பதினொன்று இருந்தது. பதினொன்றுக்கும் டிக் போட்டேன். நடுவே சில இடங்கள் காலியாக இருந்தன. தரையோடு தரையாக அறுத்த போல்ட்டுகள் தெரிந்தன. ஒன்றில் செருப்பு தட்டித் தடுக்கியது கூட நினைவிருக்கிறது. தரையில் இல்லாதது பட்டியலிலும் இல்லை. அதனால் நான் நிற்கவில்லை.

கம்பெனியின் கணக்காளர் ஐம்பதைத் தாண்டியவர், நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பேங்க் கேட்டதென்று கேஷ் ஃப்ளோ அறிக்கையை அவரே எழுதி வைத்திருந்தார். வருட ஆரம்பத்தில் கையில் ஒன்பது லட்சம், முடிவில் பதினான்கு. தொழிலில் நான்கு லட்சம் கூட்டல், முதலீட்டுப் பகுதியில் இருபத்தொன்று கூட்டல், கடன் அடைத்தது இருபது கழித்தல். கூட்டிப் பார்த்தேன், ஐந்து வந்தது. பொருந்தியது. பக்கத்திலேயே முந்தைய வருடம் இருந்தது. அதில் முதலீட்டுப் பகுதி முழுக்க அடைப்புக்குறி. பாவம், போன வருடம் கஷ்டப்பட்டிருக்கிறார்கள், இந்த வருடம் எழுந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடம்பாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கோயிலுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி ஒரு போர்ஷன். மாமாவுக்கு ஒரகடத்தில் புதிதாக வந்த கம்பெனியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். நிரந்தர வேலை, கம்பெனி பஸ், சம்பளமும் கொஞ்சம் கூட. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இங்கேயோ, இரு, தீபாவளிக்கு மேல் சூப்பர்வைசர் ஆக்குகிறோம் என்று முதலாளி சொல்லியிருந்தார். பத்து வருடமாக இருந்த இடம். அக்காவுக்கு அப்போது ஆறாவது மாதம்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர் கேட்டார். "நீதானே மச்சான் எங்க கணக்கப் பாத்துகினுகீற. கம்பெனி எப்டி கீது? இருக்கலாமா, போயிடலாமா?"

அலுவலகத்தில் பார்த்த கணக்கை வெளியே பேசக்கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லப்பட்டது. எனக்கு அது மறக்கவில்லை. ஆனால் கேட்டவர் மாமா. அக்கா தட்டை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல செய்திதானே, சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம் என்றும் தோன்றியது.

"நல்லா இருக்கு மாமா. கையில பணம் ஏறியிருக்கு. போன வருஷத்துக்கு இந்த வருஷம் எவ்வளவோ தேவல."

அவர் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. என் எதிரிலேயே போனை எடுத்து, ஒரகடத்தில் பேசியவரை அழைத்து, வரவில்லை சார், தப்பா நெனச்சுக்காதீங்க என்று சொல்லி வைத்துவிட்டார். அக்கா எனக்கு இன்னொரு முறை பாயசம் ஊற்றினாள்.

மறுநாள் அலுவலகத்தில் ஆடிட்டர் சார் அந்த அறிக்கையைப் புரட்டினார். முதலீட்டுப் பகுதிக்கு மட்டும் பில்லை எல்லாம் வைத்துத் தனியாக ஒரு தாள் தயார் பண்ணு என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் மறுபடி சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய் ஃபைல்களைப் பிரித்தேன். நான்கு மிஷின்களை விற்றதற்கு நான்கு பில். பின்பக்கக் காலி மனையை விற்ற பத்திரத்தின் நகல். மிஷின்கள் நாற்பத்து மூன்று லட்சம், மனை பதினெட்டு. மொத்தம் அறுபத்தொன்று.

அறிக்கையில் இருபத்தொன்றுதான் இருந்தது. மீதி நாற்பது எங்கே போனது என்று தேடினேன். அதிக நேரம் ஆகவில்லை, ஏனென்றால் பரீட்சையில் நானே அதை அங்கேதான் தொலைத்திருந்தேன். பழைய மிஷினும் மனையும் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் வெறும் இருபத்தொரு லட்சம் மதிப்பில் கிடந்தன. அதற்கு மேலே கிடைத்த நாற்பது, வருட லாபத்தோடு போய்ச் சேர்ந்திருந்தது. அதை அங்கிருந்து பிடுங்கி, விற்ற தொகையை முழுசாக முதலீட்டுப் பகுதியில் காட்ட வேண்டும். பிடுங்காமல் விட்டாலும் கூட்டல் பொருந்திவிடும். மேலே நாற்பது அதிகம், கீழே நாற்பது குறைவு. பரீட்சையில் எனக்கும் பொருந்தியது. பொருந்தியதால்தான் சரியென்று நினைத்து அடுத்த கேள்விக்குப் போனேன்.

பென்சிலால் நாற்பதை எடுத்தேன். தொழிலில் நான்கு லட்சம் கூட்டலாக இருந்தது முப்பத்தாறு லட்சம் கழித்தலாக மாறியது.

அந்த வருடம் வண்டி விற்பனை படுத்திருந்தது. உதிரி பாகம் கேட்பவர்கள் பாதியாகக் குறைந்திருந்தார்கள். சம்பளமும் கரண்ட்டும் இரும்பும் வருமானத்தில் கட்டி வரவில்லை. மிஷினை விற்றுச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள், பேங்க் தவணை கட்டியிருக்கிறார்கள், மிச்சம் கையில் நின்றிருக்கிறது. நான் ஏறியிருக்கிறது என்று சொன்ன பணம் அதுதான். புதிதாக வாங்கியது என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. கஷ்டமென்று நான் இரக்கப்பட்ட முந்தைய வருடத்து அடைப்புக்குறிக்குள் ஐந்து புது மிஷின்கள் இருந்தன. அப்போது அவர்களுக்கு நம்பிக்கை இருந்திருக்கிறது.

கணக்காளரிடம் தாளைக் காட்டினேன். விரல் வைத்து வரி வரியாகக் கூட்டிப் பார்த்தார். "டேலி ஆவுதே தம்பி, அப்புறம் எதுக்கு மாத்தற?" என்றார். கோபமாக இல்லை, களைத்துப்போன குரலில். அவர் தெரிந்து செய்தாரா, என்னைப் போலத் தெரியாமல் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திருத்திய தாளைத்தான் பேங்குக்கு அனுப்பினார்கள். அதைப் பார்த்து பேங்க் கடனை இறுக்கியிருக்குமோ என்றும் நான் யோசித்திருக்கிறேன். அந்தத் தாளை எழுதிய கையும் என்னுடையதுதான்.

இரண்டு நாள் நான் மாமாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அலுவலக விதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்த விதி எங்கே போயிருந்தது? நல்ல சேதிக்கு வாயைத் திறந்துவிட்டு, கெட்ட சேதிக்கு விதியைப் பிடித்துக்கொள்வதில் ஒரு அசிங்கம் இருந்தது. தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறும்போதெல்லாம் அது கூடவே ஏறியது. மூன்றாம் நாள் ஷேர் ஆட்டோ பிடித்து மாடம்பாக்கம் போனேன்.

மாமா ஷிஃப்ட் முடிந்து வந்து வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னது தப்பு என்றேன். பணம் தொழிலில் வரவில்லை, மிஷின் விற்று வந்தது, வேலை நடத்துவதில் பணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது என்றேன். அவருக்குப் புரியும்படி நான்கு மிஷின் என்று விரல் விட்டுக் காட்டினேன்.

அவர் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த நாலையும் நான்தான் மச்சான் கழட்டுனேன்" என்றார். "செயின் பிளாக்குல கட்டித் தூக்கி லாரில ஏத்துனது நானு. போல்ட்ட அறுத்து வுட்டதும் நானு."

தெரிந்துமா ஒரகடம் வேலையை வேண்டாமென்றீர்கள் என்று கேட்டேன்.

"புதுசு வருதுன்னாங்க. எனக்கு என்னமோ நம்பிக்க வரல. அதான் உன்ன கேட்டேன். நீ பணம் ஏறிகீதுன்ன. சரி, நம்ம கண்ணுக்கு இன்னா தெரியும், பட்ச்சவன் சொல்றான்னு வுட்டுட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை. உள்ளேயிருந்து அக்கா, அவன் பரீட்சையிலேயே அதுல ஃபெயிலுதானே, அவன்ட்ட போயி கேட்டியே என்றாள். சிரிப்பு மாதிரித்தான் சொன்னாள். மாமாவும் லேசாகச் சிரித்தார். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஷெட்டில் என் செருப்பு தடுக்கிய போல்ட்டை நினைத்துக்கொண்டேன். அந்தக் காலி இடத்தில் நின்று, இங்கே என்ன இருந்தது என்று யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவருக்குத் தரை தெரிந்திருந்தது, எனக்குத் தாள் தெரிந்திருந்தது. அவர் என் தாளை நம்பினார். நான் தரையைப் பார்க்கவே இல்லை.

மறுநாளே மாமா ஒரகடம் போனார். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. நான்கைந்து முறை அலைந்து, கடைசியில் அதே கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தார். சம்பளம் முன்பு வாங்கியதைவிடக் குறைவு. கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கம்பெனி பஸ் கிடையாது. இரண்டு பஸ் மாறிப் போவார். கிளம்பும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. பழைய கம்பெனி மூடிவிடவில்லை. மூன்று ஷிஃப்ட் ஒன்றாகி, பதினொரு மிஷின் ஏழாகி, ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று எங்களில் யாரும் பேசுவதில்லை.

நவம்பரில் மறுபடி பரீட்சை எழுதினேன். கேஷ் ஃப்ளோ கணக்கு வந்தது. மிஷின் விற்ற லாபத்தை முதலில் எடுத்துவிட்டு, விற்ற தொகையை முழுசாக இரண்டாவது பகுதியில் எழுதினேன். பேனா நிற்கவே இல்லை. பாஸ் ஆனேன். அம்மா தெருவில் நாலு வீட்டுக்கு லட்டு கொடுத்தாள். அக்கா வீட்டுக்கும் ஒரு பொட்டலம் போனது.

மாமா அதற்குப் பிறகு என்னிடம் யோசனை கேட்டதில்லை. வருத்தமெல்லாம் இல்லை. வீட்டுக்கு வருவார், குழந்தையை என் மடியில் விடுவார், என் ரயில் நேரத்தைக் கிண்டல் பண்ணுவார். எப்போதாவது, கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, கேட்காமலே ஒன்றைச் சொல்வார்.

"இந்த மாசம் ரெண்டு மிஷின் வந்துகீது மச்சான். ஒண்ணும் போவல."

நான் சரி மாமா என்பேன்.