வெளிப்பக்கம் திறக்கும் கதவு

என் அக்காவின் இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துபோனது நகரிக்குப் பக்கத்தில் ஒரு டூரிங் டாக்கீஸில். கீற்றுக் கொட்டகை. முதல் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது மெஷின் ரூமில் பிலிம் பற்றிக்கொண்டது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கவாட்டில் இருந்த படல் கதவுக்கு ஓடினார்கள். டிக்கெட் இல்லாமல் யாரும் நுழைந்துவிடக் கூடாதென்று கொட்டகைக்காரர் அந்தப் படலைக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார். எரிந்துகொண்டிருந்த கீற்றைக் கையால் பிய்த்துக்கொண்டுதான் அக்கா வெளியே வந்தாள். இரண்டு பெண்கள் வரவில்லை.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வந்து பார்த்தார்கள், அதோடு சரி. விசாரணையில் கொட்டகைக்காரர் சொன்னார்: "வழி தெறந்துதான் இருந்திச்சி. பொம்பளைங்க பயந்து ஒருத்தர்மேல ஒருத்தர் வியுந்தாங்க." அதையே எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் நைனா, "வுட்டுடுடா, நம்மால என்னா ஆவும்" என்றார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நான் விடவில்லை.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்த பிறகு நான் திருப்பதியில் கட்டட ஓவர்சியராக இருந்தேன். நைனா காலமாகிவிட்டார். அக்கா என்னோடு இருந்தாள். ஒருநாள் என் மேஜைக்கு ஒரு மனு வந்தது. புத்தூரில் ஒரு பழைய வேர்க்கடலைக் கிடங்கை சினிமா ஹாலாக்க வேண்டும், கட்டடம் உறுதியானது, தீக்குப் பயமில்லாதது என்று நான் பார்த்து எழுதினால்தான் லைசென்ஸ். கீழே இருந்த பெயரை மூன்று தடவை படித்தேன். அதே கொட்டகைக்காரர். மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அது துக்கமில்லை, சந்தோஷம்.

மறுநாளே புத்தூருக்குப் போனேன். அவருக்குத் தொந்தி விழுந்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. கிடங்கு கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது. கூரைச் சட்டங்கள் சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருந்தன. கதவுகள் உள்பக்கமாகத் திறந்தன. மெஷின் ரூம் வெறும் தகரம்.

"சுவத்து மேல சுத்திலும் கம்பி போட்டு சிமெண்ட்டுப் பட்டை கட்டணும். சட்டத்தையெல்லாம் அதுல போல்ட்டு போட்டு முடுக்கணும்" என்றேன்.

"எதுக்கு சார்?"

"பூமி ஆடினா சுவரு விரியாம இருக்க."

அவர் சிரித்தார். "நம்ம பக்கம் பூமி எங்க சார் ஆடியிருக்குது?"

"ஆடற அன்னிக்கி உங்களக் கேட்டுக்கினு ஆடாது."

சொன்னது எதுவும் பொய்யில்லை. ஆனால் வேறு ஒருவருடைய கிடங்கென்றால் பாதியைக் கண்டும் காணாமல் விட்டிருப்பேன். இவருக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். பட்டை கட்டி முடித்துக் கூப்பிட்டார். போய், கதவுகளைப் பெயர்த்து வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வை என்றேன். வைத்தார். மெஷின் ரூமைச் செங்கல்லில் கட்டு, படம் விழுகிற துவாரத்துக்கு இரும்புத் தட்டி போடு, தீ வந்தால் அது தானாக விழ வேண்டும் என்றேன். ஒரே சமயத்தில் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் தொங்குவதைப் பார்க்க வேண்டியிருந்தது.

நடுவில் அவருக்கு ஒரு நப்பாசை வந்தது. ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் எல்லைப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. "இந்த ஊரு மதராஸுக்குப் போயிடும்னு சொல்லிக்கினுகிறாங்க சார். அந்த ஆபீஸ்லயே வாங்கிக்கிறேன்" என்று வேலையை நிறுத்திவிட்டார். கூரை பிரித்தபடி கிடந்து மழையில் நனைந்தது. கடைசியில் திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று, புத்தூர் இங்கேயே நின்றது. திரும்பவும் என்னிடம்தான் வந்தார்.

கடைசிச் சோதனை நாளில் அவரைப் பெண்கள் பகுதியில் தரையில் உட்காரச் சொன்னேன். கதவுகளைச் சாத்தச் செய்து, மெஷின் ரூமில் ஈரவைக்கோலைக் கொளுத்தினேன். அப்படிக் கொளுத்திப் பார்க்கச் சொல்லி எந்த விதியிலும் இல்லை. இரும்புத் தட்டி விழக் கூடாது, புகை உள்ளே இறங்கி இந்த ஆள் கதவைத் தேடித் தவழ வேண்டும் என்று மனசார வேண்டினேன். தட்டி சரியாக விழுந்தது. அவர் ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு நிதானமாக வெளியே வந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். வேறு வழியில்லை.

ஹால் நன்றாக ஓடியது. ஒரு பொங்கல் சமயம், மேட்னி நடக்கும்போது பிலிம் பற்றியது. தட்டி விழுந்தது. உள்ளே இருந்த அத்தனை பேரும் கதவுகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள், ஒருவருக்கும் காயமில்லை. ஊர்க்காரர்கள் அவருக்கு மாலை போட்டார்கள். என் பழியெல்லாம் அவருக்கு நல்ல பெயராக விளைந்ததை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது.

அதே வாரம் ஒரு பழத்தட்டோடு திருப்பதியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "நீங்க அன்னிக்கி அவ்ளோ கெடுபிடி பண்ணலன்னா நான் இன்னிக்கி ஜெயில்ல இருப்பேன் சார். நமக்கு எந்த ஊரு?"

ஊரைச் சொன்னேன். எந்தக் கொட்டகை, எந்தப் படல் என்றும் சொன்னேன். அக்கா உள்ளிருந்து வந்து இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். தோல் சுருங்கி, விரல்கள் பாதி ஒட்டிப்போன கைகள்.

"வழி தெறந்து இருந்திச்சின்னு சொன்னியே. இப்ப சொல்லு" என்றாள்.

"அம்மா, அது எப்பவோ…"

"சொல்லு."

தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். எதிர்வீட்டு வாசலில் நாலைந்து பேர் கூடினார்கள். தரையைப் பார்த்தபடி, "கதவ நான்தான் கட்டிவச்சேன்" என்றார்.

"தெலுங்குலயும் சொல்லு. இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு நீ சொன்னது புரிஞ்சிருக்காது."

"தலுப்பு நேனே கட்டேசானு" என்றார். தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். அக்கா பழங்களை எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டாள்.

சாயங்காலம் அவளிடம், "இது போதுமாக்கா?" என்று கேட்டேன்.

"எனக்குப் போதும்" என்றாள். "உனக்குப் போதலன்னா அது உன் பாடு."

எனக்குப் போதவில்லை. சில வருஷங்களில் அவர் செத்துப்போனார். லைசென்ஸைப் புதுப்பிக்க அவருடைய மகன் வந்தார். மரியாதையான மனுஷர், அந்தக் கொட்டகையைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர். அவரையும் நாலு தடவை திருப்பி அனுப்பினேன்.