மூன்றாம் முறை பூக் கேட்டது

கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்று நாமக்கல் டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் உட்கார வேண்டும். இரண்டு முறை துணிப் பையோடு மலையிறங்கிப் போனேன். இரண்டு முறையும் ரத்த அழுத்தம் எகிறிக் கிடக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "மனச அமைதியா வெச்சுக்கங்கம்மா" என்றார் டாக்டர். அமைதி என்ன, மருந்துக் கடையிலா விற்கிறது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் ஊரில் பெரிய காரியம் எதுவானாலும் சாமியிடம் பூக் கேட்போம். ஓர் இலைப் பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு. பூசாரி இரண்டையும் சாமி காலடியில் போடுவார். கேட்பவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் நிற்க வேண்டும். ஆபரேஷனுக்குப் போகலாமா என்று கேட்டேன். வெள்ளை வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா? இரண்டு நாள் மிளகுக் கொடியடியில் களை பிடுங்கிக்கொண்டே, கை தற்செயலாக அதில் பட்டிருக்குமோ என்று குடைந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் போய் மறுபடி கேட்டேன். சிவப்பு!

அன்று மதியம் சாப்பாடு போடும்போது அவரிடம் சொன்னேன். "ஏம்புள்ள, ஒருக்கா சொன்னத நம்பாம மறுக்கா கேட்டா சாமி என்னதான் சொல்லும்?" என்றுவிட்டுக் களியை உருட்டி விழுங்கினார். அவருக்கென்ன, படுத்தால் குறட்டை. கட்டி என் வயிற்றில் அல்லவா!

"உங்களுக்கு வந்திருந்தாத் தெரியுமுங்க" என்று குழம்புச் சட்டியை நங்கென்று வைத்தேன்.

கட்டியை அப்படியே விட்டால் பொல்லாததாகிவிடக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாமி சொல்லாமல் இறங்கவும் பயம், இறங்காமல் இருக்கவும் பயம். கடைசியில் ஒரு திருட்டு வேலை செய்தேன். ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்த திங்கட்கிழமை காலை நானே இரண்டு பொட்டலம் கட்டினேன். இரண்டிலும் வெள்ளை.

பூசாரி வாங்கிக் காலடியில் போட்டார். "கண்ண மூடி எடுங்கம்மா" என்றார். கையை நீட்டினேன். யாரை ஏமாற்றப் பார்க்கிறேன் நான்? நீட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்படியும் அழுகை வெடித்துவிட்டது.

"சாமீ, ரெண்டுலயும் வெள்ளதான் வெச்சிருக்கறேன். செத்துப்போயிருவனோன்னு பயமா இருக்குது. நீ என்னோட வந்துரு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

பூசாரி திட்டப்போகிறார் என்று தலைகுனிந்து நின்றேன். அவர் இரண்டு பொட்டலத்தையும் பிரித்துப் பூவை என் முந்தானையில் கொட்டினார்.

"இத மொத நாளே சொல்லியிருந்தாப் பூவே வேண்டாமுங்களே. பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புங்க."

வளைவுக்கு வளைவு வாந்தியெடுக்கிற நான், அன்றைக்கு வீட்டுக்காரர் தோளில் சாய்ந்தபடி, மலையிறங்கிக் காளப்பநாயக்கன்பட்டி வரும் வரை தூங்கிப்போனேன். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் என் முகத்தைப் பார்த்தாள், இறங்கியிருந்த அளவை நம்பாமல் மறுபடி கையில் பட்டையைச் சுற்றினாள்.

"ஒருக்காப் பாத்தது போதாதா கண்ணு?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.