சதுரங்கப்பட்டினம் கடற்கரைச் சந்தையும் செங்கல்பட்டுக்குப் போன வழியும்

குடும்பத்தோடு காலையில் போய் மதியத்துக்குள் திரும்பக்கூடிய மீன் சந்தை எது என்று பலர் கேட்டிருந்தீர்கள். அதைப் பார்த்து எழுதத்தான் போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை, ஊரப்பாக்கத்திலிருந்து காரில் தனியாகக் கிளம்பினேன். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர்.

டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வணிகம் செய்த பழைய துறைமுகம் அது. மணலிலேயே சந்தை கூடுகிறது. ஒரு பக்கம் படகிலிருந்து இறங்கும் மீன். எதிரே செய்யூர்ப் பக்கத்துக் கத்திரிக்காய், கீரை, பச்சை வேர்க்கடலை. ஏழு மணிக்குள் போய்விடுவது நல்லது. சங்கரா மீன் கிலோ முந்நூறு சொன்னார்கள். (பேரம் பேசலாம், கோபப்பட மாட்டார்கள்.)

நான் வாங்கியது செல்வி என்ற பெண்ணிடம். முப்பது வயதிருக்கும். மீனை ஆய்ந்துகொண்டிருக்கும்போது அவளுக்குப் போன் வந்தது. கேட்டாள், கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

பக்கத்தில் கீரை விற்ற அம்மாதான் விஷயத்தைச் சொன்னார். சில நாள்களுக்கு முன் செல்வியின் தம்பி போன படகு கவிழ்ந்திருக்கிறது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். அவன் மட்டும் வரவில்லை. இப்போது தெற்கே ஓர் உடல் ஒதுங்கி, செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம். யாராவது வந்து அடையாளம் காட்ட வேண்டும். வீட்டு ஆண்கள் அவனைத் தேடிக் கடலுக்குள் போயிருந்தார்கள்.

என் காரில் ஏறிக்கொள்ளச் சொன்னேன். கை கழுவிக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தாள்.

இந்த நிலைமையில் வியாபாரத்துக்கு ஏன் வந்தாய் என்று கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

"வூட்ல இருந்தா அவன் பொண்டாட்டி என் மூஞ்சியவே பாத்துகினு கீறாக்கா" என்றாள்.

திருக்கழுக்குன்றம் தாண்டினோம். அது அவனாக இருக்கக் கூடாது என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டே ஓட்டினேன். அவளும் அதையேதான் வேண்டுகிறாள் என்று நினைத்தேன்.

பிணவறை வாசலில் அவளை மட்டும் உள்ளே விட்டார்கள். சீக்கிரமே வெளியே வந்தாள்.

"அவன் இல்ல. வேற யாரோ பெத்த புள்ள."

என்னையறியாமல் நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிட்டேன். அவள் சுவரோரம் அப்படியே உட்கார்ந்து, அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

"அவனா இருந்தா தூக்கினு போயி அடக்கமாவது பண்ணியிருப்பேன். பொட்டு வெச்சிக்கவா, அழிச்சிடவான்னு அவ டெய்லி கேக்கறாக்கா. நான் இன்னா சொல்லுவேன்?"

தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

திரும்பக் கொண்டுபோய் விட்டபோது சந்தை கலைந்திருந்தது. குப்பத்து முனையிலேயே இறங்கிக்கொண்டாள். தெருவில் ஒரு சின்ன வயதுப் பெண், நெற்றியில் பொட்டோடு, எங்கள் காரைப் பார்த்து எழுந்து நின்றாள். செல்வி அவளை நோக்கி மெதுவாக, மிக மெதுவாக நடந்தாள். நான் காரைத் திருப்பினேன்.

போக நினைப்பவர்களுக்கு: சாலை நன்றாக இருக்கிறது. காரைக் கோட்டை அருகே நிறுத்தலாம். பை கொண்டுபோங்கள். மாதாமாதம் செல்விக்குப் போன் செய்கிறேன். இதை எழுதும் இன்றுவரை அவள் தம்பி கிடைக்கவில்லை.