செல்லோவும் கிளாரினெட்டும் கலந்த வாரம்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான்; இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. அரங்கம் பார்த்துக்கொள்ளும் வேலையில், எல்லாம் சரியாக இருந்தால் நம்மை யாருக்கும் தெரியாது. ஏதாவது கெட்டால்தான் நம் பெயர் ஞாபகம் வரும். என்னைப் போலவே கூட்டிப் பெருக்குகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

ஃபேன்

தஞ்சாவூரில் எங்கள் கல்லூரி அரங்கில் பர்வீன் என்ற ஆராய்ச்சி மாணவி ஒலிப்பதிவு செய்தாள். இரண்டு வாத்தியங்கள் எப்போது ஒரே குரலாகக் கேட்கும், எப்போது பிரிந்து கேட்கும் என்பது ஆராய்ச்சி. எப்படிக் கேட்டால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. வாசிக்க இருவர் வந்தார்கள். ஒருவர் கிளாரினெட், இன்னொருவர் செல்லோ, முழங்காலுக்கு நடுவே வைத்து வாசிக்கும் பெரிய வயலின். செல்லோக்காரர் வியர்த்து வழிவதைப் பார்க்க மனசு கேட்காமல் ஃபேனைப் போட்டேன். பதிவெல்லாம் ஃபேன் சத்தம். திட்டு விழுமுன் அவரே சொன்னார்: "அந்தம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்க. நான் மயங்கி விழாம இருக்கிறதே அவங்களாலதான்."

ஃபேன் இல்லாமல் மறுபடி பதிந்தார்கள்.

யார் மாறியது?

மறுவாரம் அதே ஆட்கள், அதே இடம், அதே இசை. போன வாரம் பிரிந்து நின்ற வாத்தியங்கள் இப்போது ஒன்றாகக் கலந்துவிட்டனவாம். இரண்டு பதிவும் ஒத்துப்போகாவிட்டால் பர்வீனின் ஆராய்ச்சி ஆறு மாதம் தள்ளிப்போகும். மைக்கைக் கழற்றி மாட்டினாள். ஃபேன் நின்றிருக்கிறதா என்று நான் மூன்று தடவை அண்ணாந்து பார்த்தேன். ஒருவேளை இருவரும் ஒருவரையொருவர் கவனித்து வாசித்தீர்களோ என்று கேட்டாள். கிளாரினெட்காரர் சொன்னார்: "இருபது வருஷமா இவர் என்னைக் கவனிச்சதில்ல மேடம். இந்த வாரம் மட்டும் எப்படிக் கவனிப்பார்?"

ஹெட்போன்

இசை படிக்காத காது வேண்டும் என்று எனக்கு ஹெட்போனை மாட்டிவிட்டாள். வாத்தியம் ஒன்றா இரண்டா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவது பதிவு மட்டும், வெள்ளையடிக்கச் சாமானெல்லாம் வெளியே எடுத்த வீட்டுக்குள் பேசுவது போல் இருக்கிறது என்றேன். சொல்லி வாய் மூடுமுன் எனக்கே உறைத்தது. குறுவை அறுவடைத் தூசி படிந்திருக்கிறதே என்று சுவரிலிருந்த நான்கு கனத்த திரைகளையும் துவைக்கப் போட்டிருந்தேன்.

என்னுடையது தற்காலிக வேலை. சத்தமில்லாமல் திரையை மாட்டிவிடலாமா என்று கூட நினைத்தேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். திரையை மாட்டி வாசித்ததும் வாத்தியங்கள் மறுபடி பிரிந்தன. திரை இல்லாத வெறும் சுவரில் சத்தம் எதிரொலித்துத்தான் இரண்டும் கலந்துபோயினவாம். அவள் சொன்னதில் பாராட்டு எவ்வளவு, திட்டு எவ்வளவு என்று இன்னும் தெரியவில்லை: "மைக்கைச் சந்தேகப்பட்டேன், அவங்க ரெண்டு பேரைச் சந்தேகப்பட்டேன். உங்களைச் சந்தேகப்படணும்னு தோணவே இல்ல அக்கா."

இப்போதெல்லாம் தினமும் காலையில் நான்கு சுவரையும் போனில் படம் எடுத்து அவளுக்கு அனுப்பிவிட்டு, அவள் 'சரி' என்று பதில் போட்ட பிறகுதான் துடைப்பத்தையே தொடுகிறேன்.