உட்கார்ந்தவர் பெயர்

கம்பெனியில் என் லாக்கருக்குள் ஒரு பச்சைப் பட்டை தொங்குகிறது. ரிலீவர் வேலை பார்க்கிறவர்கள் கையில் கட்டிக்கொள்வது. மற்றவர்களுடைய பட்டை பளிச்சென்று இருக்கும். என்னுடையது சாயம் போய், எலாஸ்டிக் தளர்ந்து, ஓரத்தில் வெள்ளை நைலான் நூலால் தைத்தது. அது மீன்வலை பின்னுகிற நூல். முடிச்சும் வலையில் போடுகிற முடிச்சுதான். எத்தனை சலவைக்குப் போனாலும் அவிழவில்லை. ஸ்டோரில் இரண்டு முறை புதுப் பட்டை கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கி உள்ளே வைத்துவிட்டு, பழையதையே கட்டிக்கொண்டு லைனுக்குப் போனேன்.

அந்த முடிச்சைப் போட்டவரை நாங்கள் எல்லோரும் சித்தி என்றுதான் கூப்பிட்டோம். தெற்கே கடற்கரை ஊரிலிருந்து அக்கா மகளோடு ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தவர். அந்தப் பெண் சித்தி சித்தி என்று கூப்பிட, லைனில் இருந்த முப்பது பேருக்கும் அவர் சித்தியாகிவிட்டார். ஆறே மாதத்தில் கல்யாணமாகி அவள் ஊருக்குப் போய்விட்டாள். சித்திப் பட்டம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

எங்கள் வேலை கார்களுக்கு வயர்களைக் கட்டாகக் கட்டுவது. பலகைகள் நகர்ந்து வந்துகொண்டே இருக்கும். அவரவர் இடத்தில் நின்று வயரைச் செருகி டேப் சுற்ற வேண்டும். இடத்தை விட்டு நகர்ந்தால் பலகை பாதி வேலையோடு அடுத்தவளிடம் போய் நிற்கும். அதனால் பாத்ரூம் போவதென்றாலும் கையைத் தூக்கிவிட்டு ரிலீவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். சில ரிலீவர்கள், "இப்பத்தானே போன?" என்று லைனே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்பார்கள். சித்தி நாம் கையைத் தூக்கும்வரை விடமாட்டார். முகத்தைப் பார்த்தே வந்துவிடுவார். தோளில் இரண்டு விரல் படும். "ஏட்டி, நீ போ. நா நிக்கேன்." அவ்வளவுதான். மாதத்தில் மூன்று நாள் அந்த இரண்டு விரலைச் சாமி கை என்றே நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவு பிரியமாகச் சொல்கிற நான், ஆரம்பத்தில் அவரோடு மல்லுக்கு நின்றவள். அவருடைய ஊர் அணு உலைக்குப் பக்கத்து ஊர் என்று தெரிந்ததும் எனக்குப் பழைய கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் பத்தாவது படித்த வருஷம் சேரப்பணஞ்சேரியில் கரண்ட் இருந்த நேரத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். மெழுகுவர்த்தியில் படித்து முன்முடியைக் கருக்கிக்கொண்டவள் நான். அந்தப் பக்கத்து ஜனங்கள் உலையைத் திறக்கவிடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், அதனால்தான் நமக்கு இருட்டு என்று எங்கள் தெருவில் எல்லோரும் பேசினார்கள். நானும் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அப்படித் திட்டு வாங்கியவர்களில் ஒருத்தர் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து எனக்குக் கருவாடு எடுத்து வைப்பார் என்று யார் கண்டது?

"இன்னா சித்தி, நீங்கல்லாம் குறுக்க உக்காந்துக்கினு கரண்ட நிறுத்துனா, எங்க வூட்ல லைட்டு எப்டி எரியும்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

சித்தி கோபித்துக்கொள்ளவில்லை. "கரண்டு வேண்டாம்னா சொன்னோம்? எங்க கடல்ல சுடுதண்ணிய ஊத்தாதன்னுதான சொன்னோம். ஜப்பான்ல அந்த உலை வெடிச்சத டிவியில பாத்தேல்லா? கடல் எந்திரிச்சு வீட்டுக்குள்ள வந்தத நான் கண்ணால பாத்தவட்டி. அப்படி இன்னொருக்க வந்தா, அந்த உலைய யாரு தூக்கிட்டு ஓடுவா?" என்றார்.  நான் இன்னொரு துண்டு கருவாட்டை எடுத்துத் தின்றேன். அதற்குப் பிறகு கம்பெனியில் கரண்ட் போய் ஜெனரேட்டர் உறுமும் போதெல்லாம், "சித்தி, உங்கூர்ல யாரோ சுவிட்ச அமுக்கிட்டாங்கோ" என்று நாங்கள் கத்துவோம். அவர்தான் முதலில் சிரிப்பார்.

ஊர்க் கதையை அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மாதா கோயில் முன்னால் பந்தல். ஒரு நாளைக்கு ஒரு தெரு என்று முறைவைத்து உண்ணாவிரதம். பெண்கள்தான் அதிகம். ஜெபமாலை சொல்வார்கள், பீடி சுற்றுவார்கள், பிள்ளைக்குப் பேன் பார்ப்பார்கள். யாருக்காவது முடியவில்லை என்றால் அவளுடைய முறையில் இன்னொருத்தி இருப்பாள். அப்படி அடுத்தவர் முறையில் அதிகமாகப் பட்டினி கிடந்தவர் சித்திதான். பந்தலில் ஒரு நோட்டு உண்டு. அதில் இரண்டு பத்தி. முதல் பத்தியில் யாருடைய முறை, இரண்டாவது பத்தியில் உட்கார்ந்தவர் பெயர். ஒருநாள் போலீஸ் வந்தபோது யாரையும் விசாரிக்கக்கூட இல்லை. நோட்டைத் திறந்து இரண்டாவது பத்தியில் இருந்த பெயர்களை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைய முறை பக்கத்து வீட்டுக்காரியுடையது. அவள் நிறைமாதமாக இருந்ததால் சித்தி உட்கார்ந்திருந்தார். வழக்கு சித்தி மேல் விழுந்தது.

"ராஜாங்கத்துக்கு எதிரா போர் தொடுத்தோமாம். பீடிய வச்சிக்கிட்டு" என்று சொல்லிச் சிரித்தார்.

"உலகத்துல எவனாவது தன் பேர தானே எழுதி வெச்சிட்டு போராட்டம் பண்ணுவானா சித்தி?"

"எழுதலன்னா நாளைக்கி யாரு முறைன்னு சண்டை வராதா? மறுநாள் காலையிலயே புது நோட்டு வாங்கிட்டோம்லா" என்றார். இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு போர் எங்கே தொடுப்பது என்று எனக்குத் தலை சுற்றியது.

சித்தியும் அப்போது என்னைப் போலவே கான்ட்ராக்டில் இருந்தார். கணவர் மங்களூர்ப் பக்கம் விசைப்படகில் போவார். மகள் ஊரில் அம்மாவிடம் வளர்ந்தாள். பெர்மனென்ட் ஆனால் குன்றத்தூரில் ஒரு வீடு பிடித்து மகளைக் கூட்டிவந்துவிடலாம் என்பதுதான் அவருடைய ஒரே கனவு. ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு பள்ளிக்கூடத்து வாசலைக்கூடப் பார்த்து வைத்திருந்தார். அந்த நேரத்தில் லைனில் ஒருத்தரைப் பெர்மனென்ட் ரிலீவராக ஆக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. சித்திதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதற்கு வேண்டிய போலீஸ் சான்றிதழ் விண்ணப்பத்தில், உங்கள் மேல் வழக்கு உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது.

"இல்லன்னு போட்டுட்டுப் போயேன் சித்தி, யாரு கேக்கப் போறா" என்றேன். அவர் உண்டு என்று எழுதி, இடம் போதவில்லை என்று பின்பக்கத்திலும் எழுதினார்.

எச்.ஆர். அதிகாரி கெட்டவரில்லை. சித்தியையும் துணைக்குப் போன என்னையும் உட்காரவைத்துப் பேசினார். "இங்க பாரும்மா, அன்னைக்கி உன் முறையே இல்லல்ல? யாருக்கு பதிலா உக்காந்தேன்னு பேர் போட்டு, தெரியாம என் பேர் சேர்ந்துடுச்சின்னு ஒரு லெட்டர் குடு. நான் மேல பேசிக்கிறேன்" என்றார். பெரும்பாலும் உண்மைதானே! என் கையெழுத்து நன்றாக இருக்கும். அங்கேயே உட்கார்ந்து எழுதி முடித்தேன். சித்தி எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தார். பேனாவை வாங்கவில்லை.

"முறை அவளோடதுதான் சார். உக்காந்தது நான்லா. தெரியாம ஒண்ணும் உக்காரல. அவ இப்ப பாலர்வாடியில வேல பாக்கா. அவ பேர எழுதிக் குடுத்து அவ சோத்துல மண்ணு போடவா?" என்றார். கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

வெளியே வந்ததும் நான் அவரைத் திட்டினேன். மகளை நினைத்துப் பார்த்தாயா, பிழைக்கத் தெரியாதவளே என்றெல்லாம் சொன்னேன். அவர் கண் நிறைந்திருந்தது.  அடுத்த வாரம் அந்தப் பெர்மனென்ட் இடம் எனக்கு வந்தது.

சந்தோஷப்படவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. வெட்கத்தில் இரண்டு நாள் அவரோடு சாப்பிட உட்காராமல் ஒளிந்து திரிந்தேன். மூன்றாம் நாள் லைனுக்கே வந்து, தன் கையிலிருந்த பட்டையைக் கழற்றி என் கையில் கட்டினார். "இது உன் முறைட்டி. மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்காத. ஒவ்வொருத்தியும் ஒண்ணுக்கு அடக்கிட்டு நிக்கா பாரு, போ" என்றார். கான்ட்ராக்ட் முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டார். மகள் குன்றத்தூருக்கு வரவேயில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது இப்போதும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

போன வருஷம் அந்த மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள் என்று போன் வந்தது. லீவு போட்டுவிட்டுப் போனேன். வெள்ளைக் கவுனில் அந்தப் பிள்ளை சித்தியின் அச்சு. மறுநாள் காலையில் சித்தி என்னைக் கோயில் முன்னால் கூட்டிப் போனார். பந்தல் சுருங்கி நாலு தென்னங்கீற்று அளவுக்கு வந்திருந்தது. உலை ஓடிக்கொண்டிருந்தது. கரையோரம் தூரத்தில் அதன் மஞ்சள் தலை தெரிந்தது. ஆனாலும் வாரத்தில் ஒருநாள் சில பெண்கள் ஒரு மணி நேரம் உட்காருகிறார்கள். அன்று சித்தியின் முறை. உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில், விருந்துக்கு வந்த சொந்தக்காரர்கள் பஸ் ஏறப் போகிறார்கள் என்று மகள் ஓடிவந்தாள். சித்தி எழவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவித்தார்.

அந்த முகம் எனக்குத் தெரியும். லைனில் தினமும் பார்க்கிற முகம். போய் அவர் தோளில் இரண்டு விரலை வைத்தேன். "நீ போ சித்தி. நா நிக்கிறேன்."

"இங்க நிக்காண்டாம்ட்டி, உக்காந்தாப் போதும்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சித்தி நாலடி போய்த் திரும்பிப் பார்த்தார். "பேரு எழுதணும். ஒனக்கு வேலை இருக்கு. வேண்டாம்னா சொல்லிரு, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

ஓர் அம்மாள் நோட்டை என் மடியில் வைத்தார். எத்தனையாவது நோட்டோ அது. அந்த விண்ணப்பத்தின் கட்டம் ஞாபகம் வந்தது. எச்.ஆர். அறையும் ஞாபகம் வந்தது. பயமில்லை என்று சொன்னால் பொய். முதல் பத்தியில் சித்தியின் பெயர் முன்பே இருந்தது. அதன் பக்கத்தில், என் நல்ல கையெழுத்தில், ஊர்ப் பெயரோடு சேர்த்து என் பெயரை எழுதினேன்.

திங்கட்கிழமை முதல் ஷிப்ட். லாக்கரைத் திறந்து பச்சைப் பட்டையை எடுத்துக் கட்டினேன். முடிச்சு கையில் உறுத்தியது. ஏழாவது இடத்தில் நிற்கிற பெண்ணின் முகம் சரியில்லை. அவள் கையைத் தூக்குவதற்குள் போய்விட்டேன்.