கண்ணில்லாத கூழைக்கடா

மீனாட்சிபுரத்தில் நான் நடத்தும் துணிக்கடைக்குத் திருப்பூரிலிருந்து செகண்ட்ஸ் பண்டல் வரும். வெளிநாட்டுக்கென்று தைத்து, ஏதோ குறைக்காகத் தள்ளிவிட்ட சரக்கு. போன கோடையில் வந்ததைப் பிரித்தால் எல்லாமே ஒரே டீ-சர்ட். நீலத்துணி, நெஞ்சில் பெரிய கூழைக்கடா, அலகுக்குக் கீழே பை தொங்கிக்கொண்டு. அச்சில்தான் கோளாறு. ஒன்றில் பை பாதி, ஒன்றில் கால் இல்லை, ஒன்றே ஒன்றில் கண் விழவில்லை. பறவை எப்படியிருந்தால் என்ன, மேலுக்குக் குளுமையாக இருந்தால் சரி என்று ஊர் ஆண்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் பால் சொசைட்டி வரிசை வேடந்தாங்கல் ஆகிவிட்டது.

கண்ணில்லாததை எடுத்தவள், மேற்கே தோட்டத்தில் மாடு வைத்திருக்கும் ஒரு பெண். கணவருக்காக வாங்கினாள். "கண்ணில்லாட்டிப் போகுது. அவருக்கும் நான் காட்டறதுதானுங்க தெரியும்" என்று சிரித்தாள்.

சிரித்தவள் ஒரு மதியம் பையோடு வந்து, சட்டையை என் மேசைமேல் விரித்தாள். கூழைக்கடா என்னை முழித்துப் பார்த்தது.

"ஏனுங்க்கா, நான் வாங்குனதுக்குக் கண்ணு கெடையாது. இதுக்கு எப்படி மொளச்சுது?"

முந்தின சாயங்காலம் கோபாலபுரம் போகிறேன் என்று போன கணவர் இந்தச் சட்டையில் திரும்பியிருக்கிறார். துவைக்கும்போதுதான் கவனித்தாளாம். எங்கேயோ கழற்றியிருக்கிறார், யாருடையதையோ மாட்டியிருக்கிறார். எந்த வீடு? அங்கே யார் யார்? அவரிடமே கேட்கலாமே என்றேன். கேட்டால் பொய் தயாராகிவிடும் என்றாள். கண்ணுள்ளதை யாருக்கு விற்றேன் என்று என்னைக் கேட்டாள். பாதி ஊருக்கு விற்றேன், யாரைச் சொல்வேன்? அப்படிச் சொன்னதும் என்னையும் ஒரு மாதிரி பார்த்தாள். தெரிந்தே மறைக்கிறேனாம்.

சந்தேகம் பாலில் விழுந்த உப்பு, திரிந்த பிறகு உப்பைத் தேடி என்ன பயன் என்பார் பக்கத்து டீக்கடைக்காரர். அந்த உப்பு என் பாலிலும் விழுந்துவிட்டது. தெருவில் போகிற ஆண்களின் நெஞ்சையே பார்க்க ஆரம்பித்தேன். முகத்தை விட்டுவிட்டு நெஞ்சைப் பார்க்கிற பெண்ணை ஊர் என்ன நினைக்கும்? நினைத்தது.

அவளும் பால் ஊற்றிவிட்டு நேரே கடைக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். இரண்டு பேருமாகத் தெருவைக் காவல் காப்போம். அப்படியொரு நாள் பைக்கில் வந்து இறங்கினான் அவளுடைய கொழுந்தன், கணவரின் தம்பி. பங்குக் கிணற்றில் யார் எப்போது தண்ணீர் எடுப்பது என்ற சண்டையில் இரண்டு வீடும் பேச்சை முறித்து வருஷக்கணக்காகிறது. அவன் நெஞ்சில் கண்ணில்லாத கூழைக்கடா.

அவளைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணி, அண்ணன் சாயங்காலமானா எங்க தோட்டத்து மோட்டார்த் தொட்டிக்குத்தானுங்க குளிக்க வரும். அன்னைக்குப் போறப்ப சட்டைய மாத்திப் போட்டுட்டோம்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பொம்பள சமாச்சாரமா இருந்தா நாலு பேருகிட்டச் சொல்லி அழுகலாமுங்க்கா. இத ஆருகிட்டச் சொல்றது? இவருக்காகத்தான அந்த ஊட்டு நல்லது கெட்டதுக்குக்கூட நான் போகாம இருந்தேன். சண்டைய என் தலமேல ஏத்தி உட்டுட்டு, இவரு மட்டும் போய்த் தண்ணியில எறங்கிட்டாரு."



கொழுந்தனிடம் சட்டையைக் கழற்றித் தரச் சொன்னாள். கடை நடுவிலேயே கழற்றினான். பையிலிருந்து கண்ணுள்ளதை எடுத்து நீட்டினாள். துவைத்து, தேய்த்து, மடித்து வைத்திருந்தாள். அவன் மாட்டிக்கொண்டு வண்டியைத் திருப்பினான்.

"எங்க தோட்டத்து நேந்திர வாழத்தாரு ஒண்ணு காணாமப் போச்சு. அதும் உங்கூட்டுக்குத்தான் வந்துதா?"

அவன் காது கேட்காதவன்போல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

"பாத்தீங்களாக்கா" என்றாள்.