சிவப்பு அட்டை கட்டிய நாவல்கள்

இந்தக் காலத்து நாவல்களைப் பற்றி யாரும் என்னிடம் கருத்துக் கேட்டதில்லை. கேட்காமலே சொல்லிவிடுவது என் வழக்கம். முப்பது வருஷம் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். போலீஸ் இல்லை. லேத்திலிருந்து கடைந்து வரும் உருப்படிகளை அளந்து பார்த்து, தேறினால் பச்சை அட்டையும் தேறாவிட்டால் சிவப்பு அட்டையும் கட்டுகிற வேலை. தலைமயிர் அளவு கூடினாலும் சிவப்புதான். ஓய்வு பெற்றபோது மிச்சமிருந்த அட்டைக் கட்டுகளை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அதற்கும் முன்னாலிருந்தே, படித்து முடித்த ஒவ்வொரு நாவலுக்கும் ஓர் அட்டையில் காரணத்தைப் பென்சிலால் எழுதி நூலில் கட்டிவிடுவேன். சிவப்புக் கட்டு பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. பச்சைக் கட்டை நான் பிரிக்கவே இல்லை.

போன வருஷம் என் மனைவிக்கு வலது கண்ணில் விழித்திரை பிரிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைத்தார்கள். குமிழி மேலே எழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும், அதனால் இரண்டு வாரம் முகத்தைக் கவிழ்த்தே வைத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை என்றும் சொல்லி அனுப்பினார்.

"காலம்பூரா தொழுகையில நெத்தியைத் தரையில வச்சு சஜ்தா செஞ்சவளுக்கு ரெண்டு வாரம் ஒரு பெரிய விஷயமா, மச்சான்?" என்று முதல் நாள் சிரித்தாள். எங்கள் குடும்பங்களில் மனைவி கணவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். மூன்றாம் நாள் கழுத்துப் பிடித்துக்கொண்டதும் சிரிப்பு நின்றுபோனது. டிவி பார்க்க முடியாது. படிக்கக் கூடாது. சாப்பாட்டு மேஜையில் இரண்டு தலையணையை அடுக்கி நெற்றியை வைத்துக்கொண்டு, இடது கண்ணால் தரை டைல்ஸையும் எதிரே உட்கார்ந்திருக்கும் என் கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். போரடித்தால் தலையைத் தூக்கிவிடுவாளோ என்று எனக்கு உள்ளூர நடுக்கம்.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஒரு பெரிய அட்டைப்பெட்டி அனுப்பினாள். கொண்டுவந்தவர் அதை வாசலில் இறக்கிவிட்டு, "இன்னா சார் இது, இம்மாம் வெயிட்டு கீது? கல்லா?" என்று கேட்டார். பிரித்துப் பார்த்தால் எல்லாம் நாவல்கள். கல்லாக இருந்தால் ஏதாவது உபயோகம் இருந்திருக்கும்.

மகள் போனில் சொன்னாள். "அத்தா, எல்லா வகையிலயும் ஒண்ணொண்ணு வாங்கியிருக்கேன். எல்லாமே புதுசு. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுங்க. திட்டாம படிங்க."

திட்டாமல் படிக்க நான் என்ன ரேடியோவா?

முதலில் துப்பறியும் நாவல். மேலட்டையில் ரத்தம். கொலை நடப்பது ஒரு தொழிற்பேட்டையில், லேத் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில். லேத் ஓட்டுகிறவன் எப்போதும் கையுறை போட்டு வேலை செய்கிறவன், அதனால்தான் ஆயுதத்தில் கைரேகை இல்லை. இந்த ஒரு ஆணியில்தான் முந்நூறு பக்கமும் தொங்குகிறது. சுற்றுகிற லேத்தின் முன்னால் கையுறை போட்டு நின்றால் கையுறையோடு கையையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தருகிற பாடம். இந்த நாவலாசிரியர் லேத்தை டீக்கடை போஸ்டரில்கூடப் பார்த்ததில்லை. இவர் கொலைகாரனைப் பிடிக்க இன்ஸ்பெக்டர் எதற்கு? முதல் ஷிப்டிலேயே ஆம்புலன்ஸ் வந்து அள்ளிக்கொண்டு போயிருக்கும். மனைவிக்குப் படித்துக் காட்டும்போது நானாகவே அவன் கையுறையைக் கழற்றிவிட்டேன். அப்புறம் கைரேகை வந்துவிட்டது, கொலைகாரன் நாற்பதாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டான், நாவல் முடிந்தது.

"இவ்வளவு சின்னக் கதையா?" என்றாள் மனைவி தரையைப் பார்த்தபடி. "பொஸ்தகம் தடியா இருந்துச்சே."

அடுத்தது சரித்திர நாவல், இரண்டு பாகம். இளவரசி பக்கத்துக்குப் பக்கம் புன்முறுவல் பூக்கிறாள். குதிரை கனைத்துக்கொண்டே இருக்கிறது, அதற்கு ஒரு வாய் தண்ணீர் காட்டுவார் யாருமில்லை. சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மர் சன்னதியைச் சுற்றி மண்டபத்துக்குள்ளேயே வலம் வரும்போது இளவரசி சதித்திட்டத்தை ஒட்டுக்கேட்கிறாள். அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு சோதிக்கப் போகும்போதெல்லாம் கூட வேலை பார்த்த நண்பரோடு அந்தக் குன்றடிக்குப் போயிருக்கிறேன். சன்னதி பாறையில் குடைந்தது. சுற்றிவர வேண்டுமானால் குன்றையே சுற்றித்தான் வரவேண்டும். தொழுகைக்குப் போகிற எனக்குத் தெரிந்த விஷயம், ஆராய்ச்சி செய்து எழுதியதாகப் பின்னட்டையில் பீற்றிக்கொள்பவருக்குத் தெரியவில்லை. இளவரசியைக் குன்றைச் சுற்ற வைத்தேன். அவள் வந்து சேர்வதற்குள் சதிகாரர்கள் பேசி முடித்துக் கலைந்துவிட்டார்கள். இரண்டாம் பாகத்துக்கு வேலையில்லாமல் போனது.

காதல் நாவலைச் சொல்லவே வேண்டாம். கதாநாயகி காலை எட்டரைக்குக் குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறுகிறாள். ஜன்னல் சீட் கிடைக்கிறது. எதிர் சீட்டும் காலியாக இருக்கிறது, அதில் கதாநாயகன் வந்து உட்காருகிறான். கூந்தல் காற்றில் பறக்கிறது. அந்த நேரத்தில் அந்த ரயிலில் பறப்பதற்குக் கூந்தலுக்கு இடம் எங்கே இருக்கிறது? நம் செருப்பே நம் காலில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க முடியாது. இருவரையும் நிற்க வைத்துப் படித்தேன். நடுவில் நாலு பேர் வந்துவிட்டதால் காதல் வளரவில்லை. ஆனாலும் மனைவி கடைசியில் மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன அழுகை? கண்ணுக்கு ஆகாது" என்றேன்.

"நீங்க கெடுத்தும் கொஞ்சம் மிச்சம் இருக்கு மச்சான்."

விஞ்ஞான நாவலில் நூறு வருஷம் தாண்டிய தாம்பரம். கார்கள் பறக்கின்றன. வீடு பெருக்க, கடைக்குப் போக, குழந்தைக்குப் பாடம் சொல்ல எல்லாவற்றுக்கும் ரோபோ. ஆனால் விஞ்ஞானி வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டியதும், மனைவி காபி கலந்து எடுத்து வருகிறாள். மூளையை நூறு வருஷம் அப்பால் அனுப்பிய ஆசிரியர் இதற்கு மட்டும் ஒரு மெஷின் கண்டுபிடிக்கவில்லையே என்று கத்தினேன்.

தலையணையிலிருந்து குரல் வந்தது. "அது ஒண்ணுதான் சரியா எழுதியிருக்கான்."

நான் எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தேன். அவள் ஸ்ட்ராவில் உறிஞ்சிக் குடித்துவிட்டுக் கேட்டாள். "ஏன் மச்சான், கதைக்கு என்ன அளவு வச்சிருக்கீங்க? அதை யார் உங்களுக்குக் கொடுத்தது?"

நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான் அளவு என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

பெட்டியில் கடைசியாக இருந்தது வெள்ளத்தைப் பற்றிய நாவல். இது இலக்கியமாம், அதனால் மேலட்டையில் படமே இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் தரைத்தளத்து வீடு, கணவன், மனைவி. நாங்கள் குடியிருப்பதும் அங்கேதான், தரைத்தளம்தான். அதனால் பென்சிலை நன்றாகக் கூராக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் அத்தியாயத்திலேயே அகப்பட்டார். வெள்ளம் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு சீறிப் பாய்ந்து வருகிறதாம். எங்கள் பேட்டையில் வெள்ளம் எந்த வீட்டுக்கும் வாசல் வழியாக முதலில் வந்ததில்லை. பாத்ரூம் ஓட்டை வழியாகக் கொப்பளித்துச் சத்தமில்லாமல் வரும். வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டுத் திரும்பினால் பின்னால் கணுக்கால் தண்ணீர் நிற்கும். இந்த ஆசிரியர் வெள்ளத்தை டிவியில் பார்த்தவர், அதுவும் மாடியில் உட்கார்ந்து.

இப்படி வைதுகொண்டே ஏழாம் அத்தியாயத்துக்கு வந்தேன். வாய்விட்டுப் படிக்குமுன் கண்ணால் ஒரு ஓட்டம் விடுவது வழக்கம். தண்ணீர் முட்டிக்கு வந்துவிட்டது. கணவன் புது டிவியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுகிறான். மனைவி கட்டில்மேல் ஏறி நிற்கிறாள். "இரு, வந்துட்டேன்" என்கிறான். திரும்பி வந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகிறான்.

நான் படிப்பதை நிறுத்தினேன்.

சில வருஷம் முன்பு எங்கள் பேட்டைக்கு வந்த வெள்ளத்தில், எங்கள் வீட்டு வாசலில் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் மூடி தண்ணீரில் கிளம்பிப் போய்விட்டது. கலங்கல் தண்ணீருக்குள் பள்ளம் எங்கே என்று எனக்குத் தெரியும், பார்வை மட்டமான அவளுக்குத் தெரியாது. மாடிப்படி அதைத் தாண்டி இருந்ததால், நான் கையைப் பிடித்துக் கூட்டிப் போகாமல் அவளால் படி ஏற முடியாது. அவள் சமையல் மேடைமேல் ஏறி, மகளின் கல்யாண ஆல்பத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு பிடித்தபடி நின்றாள். நான் அலமாரியில் இருந்த புத்தகங்களை மாடிப்படிக்குக் கொண்டுபோனேன். மூன்று நடை. மூன்று முறையும் அவளைத் தாண்டித்தான் போனேன். மூன்று முறையும் "இரு, வந்துட்டேன்" என்றேன். அவளைக் கூட்டிப்போக வந்தபோது தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. புத்தகம் நனைந்தால் வீணாகிவிடும் என்று நினைத்தேன். அவளைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை, அவள் இருப்பாள், அவ்வளவுதான். நான் அப்படிக் காப்பாற்றியவை எவை? அத்தனையும் நானே சிவப்பு அட்டை கட்டிய நாவல்கள்.

அதைப் பற்றி அவள் அன்றைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் பேசியதில்லை.

"என்ன மச்சான், நின்னுபோச்சு?"

"பதினாறு பக்கம் காணோம். பைண்டிங்ல விட்டுட்டானுங்க."

"ஐயோ. அந்தப் பொம்பளை என்ன ஆனாளோ?"

"அவளை முதல்லயே மாடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டான்."

"பக்கந்தான் இல்லையே, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அடுத்த அத்தியாயத்துல வருது."

அவள் இடது கண் என் கால்களில் வந்து நின்றது. பிறகு, "கால் விரலெல்லாம் ஏன் இப்படி மடங்குது மச்சான்? குளுருதா?" என்றாள். கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். நாவலை முடித்து, அதற்கும் ஒரு சிவப்பு அட்டை கட்டினேன். காரணம்: நடந்ததற்கு மாறாக இருக்கிறது. முப்பது வருஷ வேலையில் ஓர் அட்டையிலும் நான் பொய் எழுதியதில்லை. அன்றைக்கு எழுதினேன்.

இரண்டு வாரம் முடிந்து தலையை நிமிர்த்தினாள். குமிழி கரைய இன்னும் சில வாரங்கள் ஆயின. கண் பிழைத்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுதேன், அவள்தான் என்னை நடத்திக் கூட்டி வந்தாள். புதுக் கண்ணாடி வந்து, படிக்கலாம் என்று அனுமதியும் கிடைத்தது.

நாலைந்து நாள் கழித்து மத்தியானம் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறிப் பையோடு வந்தேன். சாப்பாட்டு மேஜையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் வெள்ள நாவல். சிவப்பு அட்டை கழற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் பச்சைக் கட்டு, முதல் தடவையாகப் பிரித்து.

"பக்கமெல்லாம் இருக்கு மச்சான்" என்றாள்.

பையைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"உக்காருங்க. ஏழாவதைப் படிங்க. மாத்தாம படிங்க."

படித்தேன். ஒரு எழுத்துக் கூட்டவில்லை, ஒரு எழுத்துக் குறைக்கவில்லை. கட்டில்மேல் நிற்கிற அந்தப் பெண் கணவனின் முதுகைப் பார்க்கும் இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தேன். இந்த முறை அவள் பார்வை தரையில் இல்லை. இரண்டு கண்ணாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் ஒரு பச்சை அட்டையை எடுத்து, அந்த நாவலில் தானே நூல் போட்டுக் கட்டினாள்.

"நாவல்ல அவன் ரெண்டு நடைதான் போறான். நீங்க மூணு போனீங்க" என்றாள். "மத்தபடி அளவெல்லாம் சரியா இருக்கு, மச்சான்."